வீட்டுக் குப்பைத்தொட்டி வடிவமைப்பு

வீட்டுக் குப்பைத்தொட்டி என்பது ஒரு வீட்டில் அன்றாடம் சேரும் கழிவுப்பொருட்களை, அவை அகற்றப்படும் வரை, தற்காலிகமாக இட்டு வைக்கும் கலம் ஆகும். இது பேச்சு வழக்கில் குப்பைக்கூடை, குப்பை வாளி, டஸ்ட்பின் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. நல்ல தொட்டி ஒன்றிடம் இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. உள்ளே இட்ட குப்பையை நாய், மாடு, காகம், எலி, ஈ, மழை ஆகியவை தீண்டாதபடி காக்க வேண்டும் என்பது ஒன்று. நிறைந்த தொட்டியை ஒருவர் தம் உடலை வருத்திக்கொள்ளாமல் தூக்கிச் சென்று கொட்ட இயல வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு பண்புகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நாய் உருட்ட முடியாத அளவுக்குக் கனமான தொட்டியை மனிதரும் எளிதில் தூக்க முடியாது. மனிதர் ஒரு கையால் தூக்கக்கூடிய தொட்டியை நாய் ஒரு காலால் தள்ளிவிடும். தொட்டி வடிவமைப்பு என்பது பெரும்பாலும் இம்முரணைத் தீர்க்கும் முயற்சியே எனலாம்.

இக்கட்டுரை தமிழ்நாட்டு வீடுகளின் சூழலில் இச்சிக்கலை விளக்குகின்றது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தின் களிமண் கலங்கள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறு

தமிழகச் சிற்றூர் வீடுகளில் குப்பைக்கெனத் தனிக் கலம் அண்மைக் காலம் வரை இருந்ததில்லை. அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல், மீந்த கஞ்சி முதலியவை கழுநீர்ப் பானைக்குச் சென்று மாட்டுக்கு உணவாயின. சாணமும் பெருக்கிய குப்பையும் கூடையில் அள்ளப்பட்டுக் கொல்லைப்புறத்து எருக்குழியில் கொட்டப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை அக்குழி வெட்டப்பட்டு வயலுக்கு எரு போயிற்று. அதாவது, இன்று "மக்கும் குப்பை" எனப்படுவது அன்று குப்பையாகவே கருதப்படவில்லை. மாடும் கொல்லையும் இல்லாத நகர வீடு தோன்றிய பின்னரே தொட்டி ஒரு தேவையாயிற்று.

நகரங்களில் முதலில் வந்தவை தெருத்தொட்டிகள். தமிழ்நாட்டு நகரங்களின் தெருமுனைகளில் சிமெண்டு வளையங்களால் ஆன தொட்டிகள் பல்லாண்டுக் காலம் இருந்தன. இவற்றை எவரும் திருடவோ உருட்டவோ முடியாது. ஆனால் மூடி கிடையாது. தொட்டியைக் கவிழ்க்க இயலாததால் பணியாளர் குனிந்து நின்று குப்பையை மண்வெட்டியாலும் கையாலும் வாரி எடுக்க வேண்டியிருந்தது. நகர்த்தும் வசதியை மறந்து, அசையாமையை மட்டும் கருதிய வடிவமைப்புக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வீட்டுக்கு ஒரு தொட்டி என்னும் விதி உலக அளவில் பாரிசு நகரத்தோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. அந்நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த எழேன் புபெல், வீட்டு உரிமையாளர்கள் மூடியுடன் கூடிய தொட்டிகளை வைக்க வேண்டும் என 1883 ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையிட்டார். தொட்டியின் கொள்ளளவு 40 முதல் 120 லிட்டர் வரை இருக்க வேண்டும் எனவும் வரையறுக்கப்பட்டது. அழுகும் பொருட்களுக்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான் உடைசல், சிப்பி ஓடு ஆகியவற்றுக்கு ஒன்று என மூன்று கலங்கள் கூறப்பட்டன. தெருக்குப்பையைப் பொறுக்கி வாழ்ந்தவர்கள் தங்கள் பிழைப்பு போகும் என்று எதிர்த்தனர். பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு இன்றும் "புபெல்" என்பதே பெயர். மக்கள் வசைச்சொல்லாக வைத்த பெயர் அகராதிச் சொல்லாக நிலைத்துவிட்டது.

காலால் மிதித்து மூடியைத் திறக்கும் தொட்டி 1920களில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த லில்லியன் கில்பிரெத் என்னும் பொறியியலாளரின் பெயரோடு வழங்குகின்றது. இவர் வேலை செய்யும் உடலின் அசைவுகளை அளந்து ஆராய்ந்தவர். இரு சக்கரங்கள் பொருத்திய நெகிழித் தொட்டி 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றியது.

இந்திய விதிகள்

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள், குப்பை திறந்த வெளியில் கிடக்காதபடி கலங்கள் அமைய வேண்டும் எனவும், குப்பையைக் கையால் அள்ளுவது தவிர்க்கப்பட வேண்டும் எனவும் கூறின. மக்கும் குப்பைக்குப் பச்சை, மறுசுழற்சிக்கு உரியவற்றுக்கு வெள்ளை, பிறவற்றுக்குக் கறுப்பு என நிறங்களும் குறிக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரிக்கும் பொறுப்பைத் தெருத்தொட்டியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்து வைப்பது வீட்டாரின் கடமையாயிற்று. அவற்றுக்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, அணையாடை போன்ற உடல்நலக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்கு பிரிவுகளைக் கூறுகின்றன.

இவ்விதிகளால் தொட்டியின் வடிவமே மாறிற்று. எல்லாவற்றையும் ஏற்கும் ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றாக, பச்சை, நீல நிறங்களில் 10 முதல் 12 லிட்டர் கொள்ளும் சிறு வாளிகள் வழக்கத்துக்கு வந்தன. தெருத்தொட்டிகளை அகற்றிவிட்டு வீட்டு வாசலிலேயே குப்பையைப் பெறும் முறை பரவியபோது, தொட்டியைத் தூக்கும் பாரம் தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் இடம் மாறியது.

கவிழாமை

ஒரு தொட்டி கவிழ்வதை எளிய இயற்பியலால் கணக்கிடலாம். தொட்டியின் மேல் விளிம்பில் பக்கவாட்டில் தள்ளும் விசை, உயரத்தோடு பெருக்கப்பட்டு, தொட்டியை அடிவிளிம்பைச் சுற்றித் திருப்ப முயல்கின்றது. தொட்டியின் எடை, அடிப்பகுதியின் ஆரத்தோடு பெருக்கப்பட்டு, அதைத் தடுக்கின்றது. முன்னது பின்னதை மிஞ்சும்போது தொட்டி சாயத் தொடங்கும்.

உயரம் 25 செ.மீ., ஆரம் 12.5 செ.மீ. உள்ள ஓர் உருளைத் தொட்டி ஏறத்தாழ 12 லிட்டர் கொள்ளும். இதன் சுவர் 2 மி.மீ. தடிப்புள்ள நெகிழியானால் வெற்றுத் தொட்டியின் எடை ஏறக்குறைய அரை கி.கி. ஆகும். ஈரக் குப்பை லிட்டருக்கு அரை கி.கி. எனக் கொண்டால், நிறைந்த தொட்டி 6.5 கி.கி. இருக்கும். மேற்கண்ட கணக்கின்படி, அதன் விளிம்பில் ஏறத்தாழ 3.25 கி.கி. எடைக்கு நிகரான விசையைச் செலுத்தினால் போதும். முன்காலை விளிம்பில் வைத்துச் சாயும் ஒரு தெருநாய்க்கு இது பெரிதன்று. தொட்டி ஏறக்குறைய காலியாக இருக்கும்போது கால் கி.கி. விசையே போதுமானது. காகமும் காற்றும் கூட அதைக் கவிழ்த்துவிடும்.

தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டுமே கவிழாமையைச் சோதித்துப் பார்ப்பது ஒரு பொதுவான பிழை. அடியில் நான்கு மீன் முள் மட்டும் கிடக்கும் தொட்டியே நாய்க்கும் பூனைக்கும் அதிக ஈர்ப்புடையது. எனவே வெற்று எடையையும் அடிப்பரப்பையும் கொண்டே ஒரு தொட்டியை மதிப்பிட வேண்டும்.

எடையைக் கூட்டாமல் கவிழாமையைப் பெறச் சில வழிகள் உண்டு. தொட்டியைச் சுவரில் அறைந்த கொக்கியில் மாட்டலாம். தரையோடு பிணைத்த இரும்பு வளையத்துள் இறக்கி வைக்கலாம். அடியை அகலமாக்கி உயரத்தைக் குறைக்கலாம். கடைகளில் கிடைக்கும் தொட்டிகள் பெரும்பாலும் வாய் அகன்று அடி குறுகியவை. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி லாரியில் ஏற்றுவதற்கு இவ்வடிவம் உதவுகின்றது. குப்பை ஒட்டாமல் வழுக்கி விழவும் உதவுகின்றது. ஆனால் அடியாரம் 12.5 செ.மீ. இலிருந்து 10 செ.மீ. ஆகக் குறைந்தால், அதே எடையும் உயரமும் உள்ள தொட்டியின் கவிழாமையும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வணிகரின் வசதி நாயின் வசதியாகவும் ஆகிவிடுகின்றது.

மூடி

மூடியின் முதற்பணி நாற்றத்தை அடக்குவது எனப் பலர் எண்ணுகின்றனர். ஈ முட்டையிடாமல் தடுப்பதும், மழைநீர் உட்புகாமல் தடுப்பதும் அதைவிட இன்றியமையாதவை. மழை நனைந்த ஈரக் குப்பை எடை கூடுவதோடு, கசிவுநீரையும் வெளியிடுகின்றது. மூடியின் மேற்புறம் குழிந்திருந்தால் அதில் நீர் தேங்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு வளர இடமாகும். ஆகவே வெளியில் வைக்கும் தொட்டியின் மூடி குவிந்தும், விளிம்பு தொட்டியின் வாய்க்கு வெளியே இறங்கியும் இருத்தல் நலம்.

தொட்டியின் வாய்க்குள் செருகும் மூடி எளிதில் கழன்று விழாது. ஆனால் மழைநீர் உள்ளே வடியும். மேலே கவிந்து மூடும் மூடி நீரை வெளியே தள்ளும். ஆனால் விலங்கின் மூக்கு அதை எளிதில் தள்ளிவிடும். இதற்குப் பழைய சமையலறைகளின் தீர்வு, மூடியின் மேல் ஓர் அம்மிக்குழவியையோ செங்கல்லையோ வைப்பதாகும். இதே கோட்பாட்டை இன்னும் நுட்பமாகக் கையாள்கின்றது கனடாவின் டொராண்டோ நகரம். அங்கு ராக்கூன் எனப்படும் விலங்கு தன் முன்கைகளால் தொட்டிகளைத் திறந்துவிடுவதால், 2016 ஆம் ஆண்டு முதல் புதுவகைத் தொட்டிகள் வழங்கப்பட்டன. நிமிர்ந்திருக்கும்போது இவற்றின் பூட்டு இறுகியிருக்கும். குப்பை வண்டி தொட்டியைத் தலைகீழாகத் தூக்கும்போது புவியீர்ப்பால் பூட்டு தானே விடுபடும். மனிதர் திருக வேண்டிய ஒரு திருகும் உண்டு. கட்டைவிரல் போதிய வலுவுடன் எதிர்நின்று பற்றாத விலங்கினால் அதைத் திருப்ப இயலாது என்பதே அடிப்படை எண்ணம்.

மிதிமூடி சமையலறைக்கு ஏற்றது. எச்சிற்கையால் மூடியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் விலை குறைந்த மிதிமூடித் தொட்டிகளில் முதலில் உடைவது மிதியையும் மூடியையும் இணைக்கும் கம்பியே. மிதி உடைந்த பின் அந்தத் தொட்டி திறந்த தொட்டியாகவே வாழ்நாளைக் கழிக்கின்றது. வாசலில் வைப்பதற்குக் கீல் இல்லாத எளிய மூடியைக் கயிற்றால் கைப்பிடியோடு பிணைப்பது நீடித்து உழைக்கும்.

நகர்த்துதல்

வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒரு காலையில் 200 வீடுகளின் தொட்டிகளைத் தூக்கிக் கொட்டுகின்றார் எனவும், வீட்டுக்கு 2 கி.கி. குப்பை எனவும் வைத்துக்கொள்வோம். குப்பை மட்டும் 400 கி.கி. ஆகின்றது. தொட்டி ஒவ்வொன்றும் அரை கி.கி. ஆனால் கூடுதலாக 100 கி.கி. தூக்கப்படுகின்றது. தொட்டி 4 கி.கி. ஆனால் கூடுதல் சுமை 800 கி.கி., அதாவது குப்பையைப் போல் இரு மடங்கு. ஒரு வீட்டாருக்குச் சிறிதெனத் தோன்றும் எடை வேறுபாடு, அப்பணியாளரின் தோளிலும் இடுப்பிலும் 200 மடங்காகப் பெருகுகின்றது. தொட்டியை வாங்குபவரும் அதைத் தூக்குபவரும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இக்கணக்கு கடைகளில் எவராலும் போடப்படுவதில்லை.

கொட்டுவதற்கு இரண்டு பிடிமானங்கள் தேவை: மேலே ஒரு கைப்பிடி, அடியில் விரல் நுழையும் ஒரு விளிம்பு. வாளிக்கு உள்ளது போன்ற வளையக் கைப்பிடி தூக்கிச் செல்ல உதவும், கவிழ்க்க உதவாது. அடிவிளிம்பு இல்லாத வழுவழுப்பான தொட்டியைக் கவிழ்ப்பவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள நேர்கின்றது. கசிவுநீர் அவர் உடையில் வழிகின்றது. உட்புற மூலைகள் வளைந்திருந்தால் குப்பை ஒட்டாது. அடியில் ஒரு செய்தித்தாளோ காய்ந்த சருகோ இட்டால் கசிவுநீரை உறிஞ்சிக்கொள்ளும்.

சக்கரம் எல்லா இடத்திலும் உதவும் என்பது தவறான எண்ணம். சக்கரத்தின் அச்சைக் கிடையாக இழுத்து ஒரு மேட்டில் ஏற்றத் தேவைப்படும் விசை, சக்கரத்தின் ஆரத்தையும் மேட்டின் உயரத்தையும் பொறுத்தது. 10 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தை 2 செ.மீ. மேட்டில் ஏற்ற, அச்சின் மேலுள்ள சுமையில் முக்கால் பங்கு விசை வேண்டும். 5 செ.மீ. மேடானால் அச்சுமையைப் போல் 1.7 மடங்கு வேண்டும். மேடு ஆரத்துக்குச் சமமானால் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. நாற்காலிக்கு இடும் 2.5 செ.மீ. ஆரமுள்ள சிறு உருளைகளோ 2 செ.மீ. வாசற்படிக்கே ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை கேட்கும். நடைபாதை சமமாக உள்ள ஐரோப்பிய நகரங்களில் 120, 240 லிட்டர் சக்கரத்தொட்டிகள் சிறப்பாக இயங்குகின்றன. திண்ணையும் படிக்கட்டும் சாக்கடைக் கல்லும் தாண்ட வேண்டிய நம் ஊர் வீடுகளுக்குக் கைப்பிடியுள்ள சிறு வாளியே பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளம் மட்டும் இதற்கு விலக்கு. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் குப்பையைக் கீழே அனுப்பச் சரிவுக்குழாய்கள் இருப்பதால், அங்கு தொட்டியை நகர்த்தும் சிக்கலே பெரிதும் நீங்கியது.

விருத்தாசலமும் களிமண் தொட்டியும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அருகிலுள்ள நெய்வேலிப் பகுதியில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு அடிப்படையாக அமைந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு கல்வி நிறுவனமும் இங்கு உள்ளன. மின் காப்பிகள் முதல் கொலு பொம்மைகள் வரை பலவகைப் பொருட்கள் இங்கு உருவாகின்றன.

அப்படியானால் பீங்கானில் ஏன் குப்பைத்தொட்டி செய்வதில்லை என்னும் கேள்வி எழலாம். மேலே கூறிய 12 லிட்டர் தொட்டியையே 1 செ.மீ. தடிப்புள்ள சுட்ட மண்ணால் செய்தால் அதன் வெற்று எடை ஏறத்தாழ 4.7 கி.கி. வரும். நெகிழித் தொட்டியைப் போல் இது ஏறக்குறைய பத்து மடங்கு. காலியாக இருக்கும்போது இதைக் கவிழ்க்க 2.3 கி.கி. விசைக்கு மேல் வேண்டும். கவிழாமையில் நெகிழி இதற்கு அருகில் வர முடியாது. எலி கடித்துத் துளையிடவும் இயலாது. பளபளப்புப் பூச்சு இட்ட பீங்கானில் கறையும் நாற்றமும் ஏறா; வெயிலில் நெகிழியைப் போல் நொறுங்காது. ஆனால் வண்டியின் இரும்பு விளிம்பில் ஒருமுறை மோதினால் உடைந்துவிடும். நாள்தோறும் தூக்கிக் கொட்டும் கலத்துக்கு இவ்வொரு குறையே போதும், அதை விலக்குவதற்கு.

இம்முரணுக்கு ஏற்ற தீர்வு, தொட்டியை இரண்டாகப் பிரிப்பதாகும். கனமான புறக்கலம் வீட்டிலேயே நிலையாக இருக்கும். அதனுள் இலேசான வாளி ஒன்று இறக்கி வைக்கப்படும். நாயை எதிர்கொள்வது புறக்கலம். பணியாளர் கைக்குச் செல்வது வாளி மட்டும். பூங்காக்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் உள்ள இரும்புத் தொட்டிகள் பல இவ்வமைப்பையே கொண்டவை. வீட்டளவில் பழைய மண்பானையோ உடைந்த ஊறுகாய்ச் சாடியின் அடிப்பகுதியோ புறக்கலமாகப் பயன்படலாம். வாளியின் விளிம்பு புறக்கலத்தின் வாயில் தங்கி, அடி தரையைத் தொடாமல் ஓரிரு விரற்கடை உயர்ந்து நின்றால் எறும்பும் ஈரமும் அணுகா.

நகராத தொட்டி: மண்பானை உரக்கலம்

ஈரக் குப்பையை நகர்த்தவே தேவையில்லை என்பது மற்றொரு வழி. பூனம் பீர் கஸ்தூரி என்னும் வடிவமைப்பாளர் 2006 இல் பெங்களூரில் தொடங்கிய "டெய்லி டம்ப்" நிறுவனம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் பானைகளால் ஆன "கம்பா" என்னும் உரக்கலத்தைப் பரப்பியது. மேற்பானையில் அன்றாடக் காய்கறிக் கழிவும், அதன் மேல் தென்னைநார்த் துகள் போன்ற உலர் பொருளும் இடப்படுகின்றன. பானை நிறைந்ததும் அடுத்ததோடு இடம் மாற்றப்படுகின்றது. அடிப்பானையில் எரு முதிர்கின்றது.

இங்கு களிமண்ணின் கனம் குறையாக இல்லாமல் நன்மையாகின்றது. பூச்சு இடாத சுடுமண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாவதால் குப்பை ஊறி அழுகுவது குறைகின்றது. பளபளப்புப் பூச்சு இட்ட பீங்கான் இப்பணிக்கு உதவாது. பக்கங்களில் துளையிட வேண்டியிருக்கும். தண்ணீர்ப் பானையைக் குளிர்விக்கும் அதே பண்புதான் இங்கும் செயல்படுகின்றது. ஈரக் குப்பை இவ்வாறு வீட்டிலேயே தங்கிவிட்டால், வாசலுக்குச் செல்லும் உலர் குப்பை இலேசானது, நாறாதது, நாயை ஈர்க்காதது. அதற்கு ஒரு சாக்குப்பையே போதும்.

உடைந்த பீங்கான்

பீங்கான் நகரம் எனினும் சாதாரண வீடு எனினும், உடைந்த கோப்பையையும் தட்டையும் எத்தொட்டியில் இடுவது என்பது பலருக்குத் தெளிவில்லை. பீங்கான் மக்காது. கண்ணாடியோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பவும் கூடாது. கண்ணாடி உருகும் வெப்பநிலையில் பீங்கான் துண்டு உருகாமல் கல்லாகவே தங்கி, புதிய பாட்டிலில் பழுதை உண்டாக்கும். பச்சைத் தொட்டியில் இட்டால் எருவில் கலந்து, அதைக் கையாள்பவரின் விரலை அறுக்கும்.

மெல்லிய நெகிழிப் பையில் கட்டி இடுவது மிகத் தீங்கான வழக்கம். பையின் வாயைப் பிடித்துத் தூக்கும் பணியாளரின் தொடையில் துண்டின் கூர்முனை உராய்கின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரிவதில்லை. உடைசலைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியிலோ பழைய தகர டப்பாவிலோ இட்டு, "உடைந்த பீங்கான்" எனத் தமிழில் பெரிதாக எழுதி, தொட்டிக்குள் போடாமல் பணியாளரின் கையில் தனியே தருவதே முறை.

தொழிற்கூடங்களில் இக்கழிவுக்கு வேறு வழி உண்டு. சூளைக்குச் செல்லுமுன் உடைந்த பச்சைக் களிமண் உருவங்களை நீரில் ஊறவைத்து மீண்டும் களிமண்ணாக்கலாம். சுட்டபின் உடைந்தவற்றை நீர் கரைக்காது. அவற்றை அரைத்துப் பொடியாக்கிப் புதிய களிமண்ணில் அளவாகக் கலப்பர். ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிவிட்ட இப்பொடி, உலரும்போதும் சுடும்போதும் புதிய கலம் சுருங்கி வெடிப்பதைக் குறைக்கின்றது.